கிடார்த் தலையில் மூன்றாவது ஓட்டை

வாரத்துக்கு ஒரு படமாவது என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஏதோ ஒரு எலெக்ட்ரிக் கிடாரின் தலை, அதன் கீழே ஒரு வரி: “சார், இது எந்தக் காலத்து மாடல்? ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?” அனுப்புகிறவர்கள் சென்னையிலும் வேலூரிலும் இப்போது கிடார் ரிப்பேர் வேலை செய்கிற இளைஞர்கள். நான் பதில் போடுவதில்லை. தொழில் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் பெரிசு என்று அவர்களுக்குள் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரகசியம் எதுவும் இல்லை. ஒருமுறை தலையைப் பார்த்துப் பட்டென்று பதில் சொன்னேன். அதில் ஒருவருடைய பெயர் கெட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன். தலைகள் மாறிய கதையும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

தலை என்றால், கிடாரின் கழுத்து முடிகிற இடத்தில், கம்பிகளை முறுக்கும் ஆறு சாவிகள் உட்கார்ந்திருக்கும் மரப்பகுதி. கேட்டலாக்கில் ஹெட்ஸ்டாக் என்று போட்டிருக்கும். உடம்பின் வடிவத்தை எவன் வேண்டுமானாலும் காப்பியடித்துவிடுவான். கம்பெனி தன் பெயரை எழுதுவதும், தன் வளைவைக் காட்டுவதும் தலையில்தான். ஆகவே பொய்யும் அங்கேதான் குடியிருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த இசைக்கருவிக் கடையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் ஆர்மோனியத் துருத்திக்குத் தோல் ஒட்டினேன், தபலாவுக்கு வார் இழுத்தேன், சாலிடரிங் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இன்னா பி.எஸ்சி., ராக்கெட் வுடுறதை வுட்டுட்டு இங்க இன்னா பண்ற?” என்பார்கள். பி.எஸ்சி. என்பதே பெயராகிவிட்டது.

முதலாளி ராஜாமணி அம்மா. கணவர் போன பிறகு கடையை அவர்தான் நடத்தினார். ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது, பாட்டும் கேட்கமாட்டார். வருகிற ஆளின் முகத்தையும் பார்க்கமாட்டார். அவன் கொண்டுவந்த கருவியில் இருக்கிற திருகாணிகளைப் பார்ப்பார். எந்தத் திருகாணியின் வாய் தேய்ந்திருக்கிறது, எது புதுசு, எதைச் சுற்றி வார்னிஷ் பெயர்ந்திருக்கிறது. பார்த்தபடியே கேள்வி கேட்பார்.

“கீழ வுழுந்துச்சா?”

“இல்லீங்கம்மா. தானாவே கழுத்துல வுட்டுப்போச்சு.”

“அப்படியா.”

திருகாணியைத் தடவிக்கொண்டே அடுத்ததைக் கேட்பார். “மல்லாக்க வுழுந்துச்சா, குப்புறவா?”

“மல்லாக்கத்தாங்க...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான் வந்தவன்.

அந்த ‘அப்படியா’வில் கோபமோ கேலியோ இருக்காது. நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை என்று மட்டும் அர்த்தம்.

பழுதுக்கு வருகிற எந்தக் கிடாரையும் அம்மா அப்படியே உள்ளே விடமாட்டார். முதலில் தலையைப் பழுப்புக் காகித நோட்டின் மேல் குப்புற வைக்கவேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துத் தலையைச் சுற்றிக் கோடு இழுக்கவேண்டும். சாய்த்தால் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி இழுக்கச் சொல்வார். சாவிகளைக் கழற்றுகிற வேலையாக இருந்தால், திரும்ப மாட்டுவதற்கு முன்னால் ஆறு ஓட்டைகளின் நடுவிலும் ஊசியால் காகிதத்தைக் குத்தவேண்டும். கீழே ஆள் பெயர், ஊர், தேதி, அவருடைய கையெழுத்து. ஒருமுறை எவனோ “என் கிடாரைக் குடுத்தேன், வேற எதையோ குடுக்குறீங்க” என்று கடை வாசலில் நின்று கத்தினானாம். அன்றிலிருந்து இந்த நோட்டு. கையெழுத்துப் போடத் தயங்குகிறவனிடம், “உன் மேல சந்தேகம் இல்லப்பா. எங்க மேல நீ சந்தேகப்படக் கூடாதுல்ல?” என்பார். இரண்டு பக்கத்திலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது என்பதே உண்மை.

ஒரு காலத்தின் கிடார்த் தலைகள் எல்லாம் அந்த நோட்டுகளில் வரிசையாகக் கிடந்தன. நான் சேர்ந்தபோது இரண்டே ரகம். ஒன்று, ஆறு சாவியும் ஒரே பக்கம் வரிசையாக இருப்பது. கழுத்தும் தலையும் ஒரே பலகையில் அறுத்தது, தட்டையாக இருக்கும். தட்டையாக இருப்பதால் கம்பி துள்ளி மேலே எழும்பும். அதை அமுக்கிப் பிடிக்கத் தலையில் ஒரு சின்னத் தகடு. மற்றது, பக்கத்துக்கு மூன்று சாவி வைத்து, மணிக்கட்டைப் பின்னால் மடித்த மாதிரி தலை பின்பக்கம் சாய்ந்திருப்பது. அதற்குத் தகடு வேண்டாம். ஆனால் மல்லாக்க விழுந்தால், கழுத்தும் தலையும் சேருகிற தொண்டையில் முறியும். எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்ததில் பாதி அந்த முறிவு தந்த காசில்தான்.

எழுபதுகளில் அந்த முறிவுக்கு மருந்து என்று சில கம்பெனிகள் தொண்டைக்குப் பின்னால் ஒரு புடைப்பு வைத்தன. கை அங்கே போகும்போது இடிக்கிறது என்று வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். சில வருடத்தில் புடைப்பு காணாமல் போயிற்று. தட்டைத் தலைகள் வேறு வழியில் போயின. பழைய ஒல்லித் தலைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துத் தலையை வைத்தால் அப்பனுக்குப் பக்கத்தில் நிற்கிற மகன் மாதிரி இருக்காது, மகனுக்குப் பக்கத்தில் நிற்கிற அப்பன் மாதிரி இருக்கும்; அவ்வளவு அகலம். மரம் ஜாஸ்தி இருந்தால் நாதம் நீளும் என்று ஒரு கேட்டலாக்கில் படித்து, அதை அம்மாவுக்குப் பௌதிகத்தோடு விளக்கினேன்.

“அப்படியா,” என்றார். “பேரைப் பெருசா எழுதலாம்னு இருக்கும்டா.”

எண்பதுகளில் எல்லாம் தலைகீழாயிற்று. ஆறு சாவி ஒரே வரிசை, ஆனால் தலை பின்னால் சாய்ந்தது, நுனி ஹாக்கி மட்டை மாதிரி கூராக வளைந்தது. சிலதில் சாவிகள் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்குப் போயின. கம்பியைக் கழுத்து முனையிலேயே பூட்டுப் போட்டு இறுக்கும் ஏற்பாடு வந்த பிறகு, தலையில் இருந்த சாவிகளுக்குப் பாதி வேலை போய்விட்டது. ஆனாலும் தலை மட்டும் கூர்மையாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் தலையே இல்லாத கிடார் ஒன்றைக் கொண்டுவந்தார். சாவியெல்லாம் அடியில், உடம்பின் ஓரத்தில். அம்மா அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். “தலை எங்கடா?” என்றார். இதுதான் இப்போதைய டிசைன் என்றேன். நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, ‘தலை இல்லாமல் வந்தது’ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். நாளைக்கு வந்து தலை எங்கே என்று கேட்டால்?

இதெல்லாம் கம்பெனிகள் செய்தவை. எங்கள் ஊர்ப் பக்கத்து மெல்லிசைக் குழுக்கள் செய்தது வேறு. வடக்கேயிருந்து வரும் சாதாரணக் கிடாரை வைத்துக்கொண்டு, ஒரு கேசட் அட்டையையோ போஸ்டரையோ எடுத்துக்கொண்டு வருவார்கள். “பி.எஸ்சி., இந்த மாதிரி தலை வெட்டிக் குடு. தீபத்துக்குள்ள வேணும்.” கம்பி ரம்பத்தால் நான் வெட்டுவேன், அரம் போட்டுத் தேய்ப்பேன், கறுப்படிப்பேன். மேடையிலிருந்து பார்த்தால் ஃபாரின். அகலத் தலை ஃபாஷன் போய்க் கூர்த்தலை வந்தபோது, அகலத்தைச் செதுக்கிக் கூராக்கிய தலைகள் என் கையாலேயே நிறைய. சாவி உடைந்த வெளிநாட்டுக் கிடார்களுக்கு அசல் சாவி கிடைக்காது; உள்ளூர்ச் சாவியின் இடைவெளி வேறு. பழைய ஓட்டைகளில் மரமுளை அடித்து அடைத்து, புதிதாக ஆறு ஓட்டை போடுவோம். ஓட்டை கோணாமல் விழ ஒரு இரும்புப் பட்டையில் ஆறு துளை போட்டு நானே அளவுப்பட்டை ஒன்று செய்து வைத்திருந்தேன். இவ்வளவு பொய்த் தலை செய்தவனுக்கு மற்றவன் செய்த பொய் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று ஒரு திமிர் எனக்கு உண்டு.

எண்பத்தாறு வாக்கில் ஒரு கார்த்திகை. தீபத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தப் பத்து நாள் கச்சேரிகளில் வாசித்தவனுக்குத்தான் அடுத்த தை மாதக் கல்யாணங்களில் அழைப்பு வரும். அம்மா கண் காட்டுவதற்காக வேலூருக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

மதியம் குமரேசன் வந்தார். அவர் ஒரு மெல்லிசைக் குழுவின் சொந்தக்காரர், பாடகரும் அவரே. அவருக்குப் பின்னால் குழுவே வந்தது. நடுவில் கிடார் வாசிக்கும் செல்வம், முகம் சிவந்து, கையில் ஒரு கறுப்புக் கிடாரோடு. கீழ்பென்னாத்தூரில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். குமரேசன் ஏற்பாடு செய்து தரும் கிடார்களையே வாசித்துக்கொண்டிருந்தவர், அந்த வாரம்தான் முதல்முறையாகச் சொந்தக் கிடார் கொண்டுவந்திருந்தார். கூர்த்தலை.

“பி.எஸ்சி., என் கிடாரு போன வருஷம் போளூர்க் கச்சேரி முடிஞ்சு வேன்ல காணாம போச்சே, அது உங்க நோட்டுல கீதா?” என்றார் குமரேசன்.

இருந்தது. அகலத் தலை, தட்டை, வெளிநாட்டுச் சாமான். சாவி மாற்ற வந்தபோது கோடும் இழுத்திருந்தேன், ஊசியும் குத்தியிருந்தேன்.

“இதையும் அதையும் வச்சுப் பாரு. தலையைச் செதுக்கி, கறுப்படிச்சு, என்கிட்டயே எடுத்தாந்து வாசிக்கிறான்னு எனக்கு டவுட்டு.”

“யோவ், உடம்பு மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில வாங்குனது,” என்றார் செல்வம். “கழுத்து அடி அண்ணாமலை ஆசாரி செஞ்சு குடுத்தது. போய்க் கேளு.”

“அடி அண்ணாமலை ஆசாரிக்கு மாட்டு வண்டி தெரியும். கிடாரு தெரியுமா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஏறிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

அம்மாவின் முறையை ஒன்றுவிடாமல் செய்தேன். சாவிகளைக் கழற்றினேன். புதுப் பக்கத்தில் கோடு இழுத்தேன், ஊசி குத்தினேன். பழைய பக்கத்தை நோட்டிலிருந்து எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் காட்டினேன். கூர்த்தலையின் கோடு முழுக்க அகலத் தலையின் கோட்டுக்குள் அடங்கியது. அதாவது அந்த அகலத்திலிருந்து இந்தக் கூர்மையை வெட்டி எடுக்கலாம். ஆறு ஊசித் துளைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. அதிலும் மூன்றாவது துளை வரிசையை விட்டு ஒரு நூலளவு வெளியே தள்ளியிருந்தது. இரண்டு காகிதத்திலும். அதே பக்கம், அதே அளவு.

ஆறு ஓட்டை ஒத்துப்போவது சகஜம். ஒரே தப்பு இரண்டு தலையில் இருக்குமா?

கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஒரு ஒட்டு தெரிந்தது, பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு. அதையும் பார்த்தேன். திருட்டை மறைக்க ஒட்டுப்போட்டுச் சாய்த்திருக்கிறான் என்று அதற்கும் உடனே ஒரு பதில் என்னிடம் இருந்தது.

“அதே கிடார்தான்,” என்றேன். “மூணாவது ஓட்டையைப் பாருங்க. இதுக்கு மேல சாட்சி வேணாம்.”

ஒவ்வொருவராக வந்து காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். டோலக் வாசிக்க அன்றைக்கு மட்டும் வந்திருந்த ஒரு ஆள்கூடப் பார்த்துவிட்டு, “சரியான ஆளுப்பா,” என்றார். பாடுகிற விமலா அக்கா பெஞ்சின் மேல் செல்வத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செல்வம் அதைப் பார்த்தார்.

குமரேசன் அந்தக் கறுப்புக் கிடாரை எடுத்துக்கொண்டார். “ஸ்டேஷனுக்குப் போக மாட்டேன். ஒண்ணா வாசிச்ச பாவத்துக்கு. ஆனா என் மேடையில இனி உன் கால் படக் கூடாது,” என்றார்.

மறுநாள் காலை அம்மா வந்தார். கண்ணில் மருந்து ஊற்றிய மசமசப்பு இன்னும் போகவில்லை. நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு காகிதத்தையும் நீட்டினேன். வாங்கி மேஜை மேல் வைத்தார், பார்க்கவில்லை.

“ஒட்டு இருந்துச்சுன்னியே. எங்க?”

“கழுத்துக்கும் தலைக்கும் நடுவுலம்மா.”

“அப்ப கழுத்து ஒரு மரம், தலை வேற மரம்.”

“ஆமாம்மா. பழைய தலை தட்டை. அதை அறுத்து எடுத்துட்டு, சாய்வா வேற தலை ஒட்டியிருக்கான்.”

“பழைய தலையை அறுத்துப் போட்டுட்டான்.”

“ஆமாம்மா.”

“அப்பால பழைய ஓட்டை எப்படிடா புதுத் தலைக்கு வந்துச்சு?”

தலை பழசு என்றால் ஒட்டு இருக்கக் கூடாது. தலை புதுசு என்றால் ஓட்டை ஒத்துப்போவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் நான் சாட்சியாகச் சொல்லியிருந்தேன். “இல்லம்மா, அதே தலையைத்தான் அறுத்துச் சாய்ச்சு மறுபடி ஒட்டியிருப்பான்...” என்று இழுத்தேன்.

“அப்படியா,” என்றார்.

வந்தவர்களிடம் அவர் அதைச் சொல்லிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

எழுந்துபோய், சுவரில் ஆணியில் தொங்கிய அளவுப்பட்டையை எடுத்துவந்தார். பழைய காகிதத்தின் மேல் வைத்தார். பிறகு புதுக் காகிதத்தின் மேல். கண் தெரியாததால் விரல் நகத்தால் ஒவ்வொரு துளையாகத் தடவினார். மூன்றாவது துளையில் நகம் நின்றது.

“இதை யாரு செஞ்சது?”

“நான்தாம்மா.”

பட்டையில் மூன்றாவது துளை போடும்போது டிரில் நழுவியிருக்கிறது. நூலளவு. அதை வைத்து நாங்கள் ஓட்டை போட்ட எல்லாத் தலையிலும் அந்த நூலளவு இருந்திருக்கும். குமரேசன் கிடாரிலும் அந்தப் பட்டையை வைத்துத்தான் நானே போட்டேன், அந்தப் புது ஓட்டைகளில்தான் ஊசியும் குத்தினேன். என் கையின் தப்பை நானே கண்டுபிடித்து, அதை இன்னொருவர் தலையில் கட்டியிருந்தேன்.

“செல்வம் கிடாருக்கு நாம ஓட்டை போடலையேம்மா,” என்றேன், இன்னும் தப்பிக்கப் பார்த்து.

“யாருக்காவது குடுத்தியா இதை?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின வருடம் ஒரு ஆசாரி கடைக்கு வந்து, “தம்பி, கிடாரு ஒண்ணு செய்யச் சொல்லிக்கீறாங்க. ஓட்டை அளவு மட்டும் வேணும், நாளைக்குக் குடுத்துடறேன்” என்று கேட்டார். எடுத்துக்கொடுத்தேன். மறுநாள் சொன்னபடி திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டிருந்தேன். அடி அண்ணாமலை என்றுதான் சொன்னார்.

அம்மா திட்டவில்லை. பட்டையையும் காகிதங்களையும் என் கையில் கொடுத்தார். “கடையை நான் பாத்துக்கறேன். சொன்னது நீ. போயி நீதான் சொல்லணும்.”

அரிசி மில் குடோனில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. செல்வத்தின் நாற்காலியில் வேலூரிலிருந்து வந்த யாரோ ஒருவர். குமரேசன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? செல்வம் உனக்கு இன்னா வாங்கிக் குடுத்தான்?”

பட்டையைக் காகிதங்களின் மேல் வைத்துக் காட்டினேன். ஒட்டைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் கிடாரை மூலையிலிருந்து எடுத்துவந்து என் கையில் திணித்தார். “சரி, இது அவன்து. அப்ப என்து எங்க?”

“அன்னிக்கு வேனை யாரு பூட்டுனது?” என்று கேட்டேன்.

“ரிகர்சலுக்கு நேரமாவுது,” என்று திரும்பிக்கொண்டார். அந்தப் பதிலைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை எழுதமாட்டேன். ஒருமுறை எழுந்த சந்தேகத்தை உரக்கச் சொன்னதன் கதைதான் இது.

“செல்வத்தைத் தீபத்துக்குக் கூப்பிடலாமா?”

“ஆளு வச்சாச்சுப்பா.”

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். செல்வம் மழையில் உடைந்த வரப்பை மண்வெட்டியால் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வரப்பின் மேல் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்: பட்டை, மூன்றாவது துளை, ஆசாரி, ஒட்டு. தப்பு என்மேல்தான் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து கிடாரை வாங்கினார். கம்பியைத் தட்டிப் பார்க்கவில்லை. திருகாணிகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, அம்மா பார்க்கிற மாதிரியே.

“யாரு யாருக்குச் சொல்லிட்ட?”

“குமரேசன்கிட்ட சொல்லிட்டேன்.”

“அன்னிக்குக் கடையில எத்தினி பேரு இருந்தாங்க?”

யோசித்தேன். “எட்டு.”

“எண்ணித்தான் வச்சிருக்கேன் நானும். என்னைத் திருடன்னு எட்டுப் பேரு முன்னாடி சொன்ன. இல்லன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு பஸ் ஏறி வந்துட்ட. படிச்சவன்தான? கணக்கு சரியா வருதா?”

“வரல.”

“காகிதத்தையும் எடுத்துக்கினு போ. அவங்களும் புடிச்சுப் பாக்கட்டும், அன்னிக்குப் பாத்தாங்கல்ல.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு அலைந்தேன். விமலா அக்கா, “நான் அப்பவே நம்பலப்பா,” என்றார். கைப்பையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “டெக்னிக்கலா சரிதான். ஆனா எனக்கென்னவோ அவன் மேல இன்னும் ஒரு டவுட்டு கீது,” என்றார். அவரிடம் மறுபடி இரண்டு முறை போனேன். பாங்கோஸ்காரர் முழுக்கக் கேட்காமலே தலையாட்டினார். சொன்ன சொல் நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. திருப்பி எடுக்கப் போனால் ஆளுக்கு ஒரு மாதிரி கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நாளில், குமரேசனோடு சேர்த்து, ஏழு பேர் கணக்கை முடித்தேன்.

எட்டாவது ஆள், அன்றைக்கு மட்டும் டோலக் வாசிக்க வந்தவர். “யாருன்னு தெரியலப்பா,” என்றார் குமரேசன். “நம்ம ஆளுக்குக் காய்ச்சல்னு யாரோ அனுப்பி வச்சாங்க. ஆரணிப் பக்கம்னு சொன்ன மாதிரி ஞாபகம். பேரு பாபுவோ பாஷாவோ.”

ஆரணிக்கு இரண்டு தடவை போனேன். பாபுக்கள் இருந்தார்கள், பாஷாக்கள் இருந்தார்கள். டோலக் வாசிக்கிறவர் யாரும் இல்லை.

அந்தத் தீபத்தில் செல்வம் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. தை மாதக் கல்யாணங்களும் அவர் இல்லாமலே நடந்தன. அடுத்த வருடம் செய்யாறு பக்கத்துக் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. கிடார் பார்க்க இந்தப் பக்கத்தில் எங்கள் கடையை விட்டால் வேறு கடை இல்லை, ஆகவே வந்தார். நான் எப்போது அவரை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. எல்லாரும் கிடாரைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்வார்கள். செல்வம் போகமாட்டார். வேலை முடியும்வரை என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே இருப்பார், ஒரு கை கிடாரின் கழுத்தில். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். கிடாரை நீட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி:

“எட்டாவது ஆளு?”

“இன்னும் இல்லீங்க.”

அம்மா காலமாகி, கடை அவருடைய மருமகன் கைக்கு மாறி, மேடைகளில் கிடார் குறைந்து கீபோர்டு பெருகி, அப்புறம் மறுபடி கிடார் வந்து, எனக்கும் கண் மங்கிப்போய் இனி போதும் என்று சொல்லிவிட்ட வாரம் வரைக்கும் அந்தக் கேள்வி வந்தது. அந்தக் கடைசி வாரத்திலும் கம்பி மாற்ற வந்தார். அதே கறுப்புக் கிடார். கேட்டார். இல்லை என்றேன்.

“அவரு எங்கனா ஒரு ஊர்ல, யாருகிட்டனா சொல்லிக்கினு இருப்பாரு,” என்றார். “திருவண்ணாமலையில ஒரு கிடார் திருடனை நேருல பாத்தேன், பி.எஸ்சி. படிச்ச ஒருத்தன் ஓட்டையை வச்சே கண்டுபுடிச்சான்னு. கேக்குறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்ல?”

நான் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். முடித்துக் கொடுத்தேன். செல்வம் கிடாரை வெளிச்சத்துக்குத் திருப்பி, தலையிலிருந்த ஆறு சாவிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.